இர்விங் ஃபிஷர்: ஒரே வாக்கியத்தில் முடிந்துபோன ஆளா?

கேள்வி (4 ஜனவரி 2024)

1929 அக்டோபர் நடுவில், "பங்கு விலைகள் நிரந்தரமான ஓர் உயர்ந்த மட்டத்தை எட்டிவிட்டதாகத் தெரிகிறது" என்று சொன்னவர் யேல் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் இர்விங் ஃபிஷர். இரண்டு வாரத்தில் நியூயார்க் சந்தை சரிந்தது. அவருடைய சொந்தப் பணமும் அதோடு போனது. இந்த ஆளை இன்னும் மேதை என்று எழுதுகிறார்கள். பொருளாதாரம் படித்தவருக்கே பணம் பிடிபடவில்லை என்றால் அந்தப் படிப்பு எதற்கு?

4 ஜனவரி, இரவு

வாக்கியம் உண்மை, நஷ்டமும் உண்மை. எட்டிலிருந்து பத்து மில்லியன் டாலர் போனது என்பது அவர் மகனின் கணக்கு. ஆனால் அவ்வளவு பணம் ஒரு வாத்தியாருக்கு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவில்லையே.

அட்டை விற்று வந்தது.

ஃபிஷருக்கு எதையும் குறித்து வைக்கும் பழக்கம். குறிப்புகள் மலையாகச் சேர்ந்துவிட, அட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சம் விலக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றின் விளிம்பும் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு தட்டு அமைத்தார். விளிம்பில் பெயர் எழுதியிருக்கும். பெட்டியில் விரல்விட்டுத் துழாவ வேண்டாம். காப்புரிமை வாங்கி, கம்பெனி வைத்து விற்றார். 1925-இல் அது கார்டெக்ஸ் ராண்ட் நிறுவனத்தோடு இணைந்தது. 1927-இல் அது ரெமிங்டன் ராண்ட் ஆனது. நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தட்டித் தட்டி விரல் நொந்தவர்களுக்கு ரெமிங்டன் என்ற பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். செக் வந்தால் மாதிரிக் கையெழுத்து அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து ஒப்பிட வேண்டும். அட்டைத் தட்டை ஒழுங்காக வைத்திருக்கும் கிளைக்கும் வைக்காத கிளைக்கும் வரிசை நீளத்திலேயே வித்தியாசம் தெரியும். அதனால் இந்த மனிதர்மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

5 ஜனவரி

நேற்று விட்டது. அட்டையில் வந்த பணத்தோடு நிறுத்தியிருந்தால் பணக்காரராகவே செத்திருப்பார். கடன் வாங்கி அதே ரெமிங்டன் ராண்ட் பங்குகளை மேலும் வாங்கினார். கண்டுபிடிப்பாளர் சேர்த்ததைப் பொருளாதார நிபுணர் தொலைத்தார். இரண்டு பேரும் ஒரே ஆள்.

சரிவுக்குப் பிறகு மனைவியின் அக்கா கரோலின் ஹஸார்ட் கடன் கொடுத்துக் காப்பாற்றினார். வெல்லெஸ்லி கல்லூரியின் முன்னாள் தலைவர், வசதியான குடும்பம். அந்தக் கடனை ஃபிஷர் அடைக்கவே இல்லை. நியூ ஹேவனில் இருந்த வீட்டை யேல் பல்கலைக்கழகமே விலைக்கு வாங்கி, அவரையே அதில் வாடகைக்கு வைத்தது. மச்சினிச்சியிடம் கடன், சொந்த வீட்டில் வாடகை. நம்மூர் சீரியல்காரர்கள்கூட ஒரே ஆளுக்கு இரண்டையும் வைக்கத் தயங்குவார்கள்.

5 ஜனவரி, கொஞ்சம் கழித்து

அக்கா என்று எழுதிவிட்டு மச்சினிச்சி என்கிறீர்களே என்று ஒருவர். மனைவியின் அக்காவைக் கொழுந்தியாள் என்பார்கள், மதினி என்பார்கள், ஊருக்கு ஊர் மாறும். கடன் கொடுத்தவரைக் கடவுள் என்று வைத்துக்கொள்வோம், சண்டை வேண்டாம்.

7 ஜனவரி

'படிப்பு எதற்கு' என்ற கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன்.

எல்லாம் போன பிறகு, 1933-இல், எகனாமெட்ரிகா என்ற பொருளாதார ஆய்விதழின் முதல் தொகுதியில் ஒரு கட்டுரை எழுதினார். பெரும் மந்தங்கள் ஏன் தாமாகவே மோசமாகிக்கொண்டே போகின்றன என்பதற்கான விளக்கம். கடனும் விலைவீழ்ச்சியும் சேரும்போது நடப்பது இது: ஊரில் எல்லோருக்கும் அளவுக்கு மீறிய கடன். பயந்து எல்லோரும் ஒரே நேரத்தில் சொத்தை விற்றுக் கடனைக் கட்டப் பார்க்கிறார்கள். எல்லோரும் விற்பதால் விலை இறங்குகிறது. வங்கிக் கடன் அடைபடும்போது அந்த அளவுக்கு வைப்புத்தொகையும் சுருங்குகிறது, புழங்கும் பணம் குறைகிறது, விலை இன்னும் இறங்குகிறது. ஆனால் பத்திரத்தில் எழுதிய கடன் தொகை இறங்குவதில்லை.

எண்ணிலேயே காட்டுகிறார். 1933 மார்ச் வரை அமெரிக்காவில் கடன்கள் சுமார் 20 சதவீதம் கட்டப்பட்டுக் குறைந்திருந்தன. அதே காலத்தில் விலைவாசி விழுந்ததால் டாலரின் வாங்கும் சக்தி 75 சதவீதம் ஏறியது. 80-ஐ 1.75-ஆல் பெருக்கினால் 140. அதாவது நூறு ரூபாய் கடனில் இருபதைக் கட்டியவன், சரக்குக் கணக்கில் நூற்றி நாற்பது பாக்கி வைத்திருக்கிறான். கட்டக் கட்டக் கடன் ஏறுகிறது என்பதுதான் அந்தக் கட்டுரையின் முள்.

இதை முதலில் படித்தபோது எனக்குத் தறிதான் நினைவுக்கு வந்தது. கொங்குப் பக்கம் கடன் பிரிவில் வேலை பார்த்த நாளில் ஜவுளி படுத்த ஒரு பருவம். கடன் தவணைக்காக விசைத்தறியை விற்றார்கள். முதலில் விற்றவருக்குத் தறியாக விலை கிடைத்தது. பிறகு வந்தவருக்குப் பாதி. அதற்கும் பிறகு வந்தவர்களுக்குப் பழைய இரும்பாக எடைக்கு. எல்லோரும் நாணயமானவர்கள், தவணை தவறக்கூடாது என்று விற்றவர்கள். அந்த நாணயம்தான் அடுத்தவன் தறியின் விலையைக் குறைத்தது. மேலிடத்துக்கு நான் அனுப்பிய அறிக்கையில் 'வசூல் முன்னேற்றம்' என்று ஒரு பத்தி இருந்தது. எண்கள் சரிதான்.

சந்தையைத் தப்பாகக் கணித்தவரால்தான் இந்தக் கட்டுரையை எழுத முடிந்திருக்கும் என்று சொல்ல ஆசை. சொல்ல மாட்டேன். அன்று தோற்றவர்கள் லட்சக்கணக்கானோர்; கட்டுரை ஒன்றுதான் வந்தது.

8 ஜனவரி

"தண்ணீரை ஓடவிட்டுப் பொருளாதாரம் காட்டிய இயந்திரமும் இவருடையதா? அது பில் பிலிப்ஸ் செய்தது அல்லவா?" என்று பெங்களூர் நண்பர்.

இரண்டு வேறு இயந்திரங்கள். பிலிப்ஸ் நியூஸிலாந்துக்காரர், பொறியாளர், போரில் ஜாவாவில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர். 1949-இல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டிகளில் வண்ணத் தண்ணீர் ஓடவிட்டு நாட்டின் வருமானம், வரி, சேமிப்பு, இறக்குமதி எல்லாவற்றையும் காட்டினார். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் அது. ஒன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஃபிஷர் அதற்கு அரை நூற்றாண்டு முந்தியவர். அவருடைய ஆய்வேட்டில் படம் இருந்தது. 1893-இல் கட்டியே விட்டார். தொட்டியில் மிதக்கும் கலங்கள், அவற்றை இணைக்கும் நெம்புகோல்கள். ஒரு பொருளின் விலையை மாற்றினால் மற்றவற்றின் தண்ணீர் மட்டம் தானே சரிசெய்துகொண்டு நிற்கும். வகுப்பில் வைத்து நடத்தினார், தேய்ந்த பிறகு 1925-இல் இன்னொன்று கட்டினார். ஆய்வுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் வெப்ப இயக்கவியலின் வில்லார்டு கிப்ஸ். அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர் சமநிலையைத் தண்ணீரில் காட்டியதில் வியப்பில்லை.

8 ஜனவரி, மாலை

இப்படி ஒரு கையில் காப்புரிமை, மறு கையில் பேனா, கணக்குப் புத்தகம் மட்டும் ஓட்டை என்று இன்னொருவர் அதே காலத்தில் நியூயார்க்கில் இருந்தார். ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக். இழை கொஞ்சம் திசைமாறப் போகிறது, பிடிக்காதவர்கள் 14-ஆம் தேதிக் குறிப்புக்குத் தாவலாம் என்று பிறகு வந்து சேர்க்கிறேன்.

9 ஜனவரி

கெர்ன்ஸ்பாக் 1884-இல் லக்ஸம்பர்கில் பிறந்து, 1904-இல் ஒரு பேட்டரி வடிவமைப்போடு அமெரிக்கா வந்தவர். மின்சாரச் சாமான்களைத் தபாலில் விற்க ஒரு கம்பெனி தொடங்கினார். டெலிம்கோ என்ற கம்பியில்லாத் தந்திக் கருவி, பத்து டாலருக்குள். இந்த விலைக்கு இது சாத்தியமே இல்லை, மோசடி என்று யாரோ புகார் கொடுக்க, போலீஸ்காரர் கடைக்கே வந்து இயக்கிக் காட்டச் சொன்னார் என்பது அவர் வாழ்க்கையில் தவறாமல் சொல்லப்படும் கதை. ஆயுளுக்குள் சுமார் 80 காப்புரிமைகள். அதில் எதுவும் ஃபிஷரின் அட்டை அளவுக்கு ஓடவில்லை.

ஓடியது பட்டியல் புத்தகம். சாமான் விற்கும் பட்டியலில் விளக்கம் எழுதப்போய், 1908-இல் மாடர்ன் எலக்ட்ரிக்ஸ் என்று பத்திரிகையே தொடங்கினார். அதில் 1911-இல் தாமே ஒரு தொடர்கதை எழுதினார்: 'ரால்ஃப் 124சி 41+'. ரேடார் எப்படி இயங்கும் என்பதற்கு வரைபடத்தோடு விளக்கம் இருக்கிறது, ரேடார் வருவதற்கு இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் முன்னால். கதையாகப் படித்தால் கொட்டாவி. காதலியிடம் பேசும்போதும் கதாநாயகன் சாதன விளக்கம்தான் கொடுப்பான். டெமோ காட்டவந்த விற்பனைப் பிரதிநிதியைக் கல்யாணம் செய்துகொண்ட மாதிரி.

1926 ஏப்ரலில் அமேசிங் ஸ்டோரீஸ். அறிவியல் கதைக்கென்றே வந்த முதல் பத்திரிகை. முதல் இதழில் வெர்ன், வெல்ஸ், போ மூவரின் பழைய கதைகள். ஆசிரியர் குழுவில் ஓ'கானர் ஸ்லோன் என்ற பெரியவர், எடிசனின் சம்பந்தி. வயது எழுபதைத் தாண்டியவர்.

9 ஜனவரி, தூக்கம் வரவில்லை

சம்பளப் பட்டுவாடாவில் கெர்ன்ஸ்பாக் மோசம். திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட் தம் சிறந்த கதைகளில் ஒன்றை 1927-இல் அமேசிங்கில் போட்டார்; சுமார் பன்னிரண்டாயிரம் சொல், கிடைத்தது 25 டாலர், அதுவும் கேட்டுக் கேட்டு. அதன்பிறகு கடிதங்களில் அவரை 'எலி ஹ்யூகோ' என்றே குறிப்பிட்டார். பின்னாளில் பெரிய பதிப்பாசிரியராக ஆன டொனால்ட் வோல்ஹைமுக்கு பத்து டாலர் பாக்கி. அவர் மற்ற எழுத்தாளர்களையும் திரட்டி வக்கீல் வைத்து வாங்கினார். பதிலுக்கு, கெர்ன்ஸ்பாக் நடத்திய வாசகர் சங்கத்திலிருந்து வோல்ஹைம் நீக்கப்பட்டார்.

மாத நாவல்களுக்கு எழுதிய ஒரு பழைய நண்பர் எனக்கு உண்டு. சாணித்தாளில் அட்டை மட்டும் வழவழவென்று வரும் காலம். காசோலை எப்போது வரும் என்று கேட்டால் "அடுத்த கதையோடு சேர்த்து" என்று பதில் வரும், எனவே அடுத்த கதையையும் எழுதுவார். லவ்கிராஃப்ட் கதையைச் சொன்னேன். "25 வந்ததா? எலியாக இருந்தாலும் தேவலாம்" என்றார்.

11 ஜனவரி

முந்தாநாள் முழுக்க கெர்ன்ஸ்பாக்கைத் திட்டியாயிற்று. அவர் செய்த பெரிய காரியம் கதையும் இல்லை, கருவியும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. வாசகர் கடிதங்களை அச்சிட்டபோது எழுதியவரின் முழு முகவரியையும் சேர்த்து அச்சிட்டார். அவ்வளவுதான். ஊருக்கு ஒருவராக, இப்படிப்பட்ட கதைகளைப் படிப்பதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த பையன்கள் ஒருவருக்கொருவர் நேரடியாகக் கடிதம் போடத் தொடங்கினார்கள். சந்தித்தார்கள், சண்டை போட்டார்கள், கையால் உருட்டி அச்சடித்த ஏடுகள் நடத்தினார்கள். வாசகர் கூட்டம் என்பது அங்கிருந்துதான் கிளம்பியது. வோல்ஹைம் மற்ற எழுத்தாளர்களைத் திரட்ட முடிந்ததும் அந்தப் பழக்கத்தால்தான்.

14 ஜனவரி

தாவி வந்தவர்களுக்கு: ஃபிஷர் திரும்பவும் வருகிறார், ஆனால் சுற்றுவழியில்.

1929-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் கெர்ன்ஸ்பாக்கின் கம்பெனி திவால், அமேசிங் கைவிட்டுப் போனது. அக்டோபர் சரிவுக்கெல்லாம் முன்னால், தம் சொந்த முயற்சியால் அடைந்த திவால். அவர் உடனே புதிய பத்திரிகைகள் தொடங்கினார். அதில் ஒன்று ஜூனில் வந்த சயன்ஸ் ஒண்டர் ஸ்டோரீஸ். புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த ஓர் அப்பா, கடையில் தொங்கும் சாணித்தாள் பத்திரிகைகளைத் தம் மகன் தொடக்கூடாது என்று கண்டிப்பாக இருந்தார். ஒன்பது வயது மகன் இந்தப் பத்திரிகையைக் காட்டி, பெயரிலேயே அறிவியல் இருக்கிறது, பாடத்துக்கு உதவும் என்றான். அப்பா விட்டுவிட்டார். பையன் ஐசக் அசிமோவ்.

அசிமோவ் வளர்ந்து, 1938-இல் அஸ்டௌண்டிங் என்ற அறிவியல் கதைப் பத்திரிகையின் அலுவலகப் படியேறி ஆசிரியர் ஜான் கேம்பெல் முன் நின்றார். 1941 ஆகஸ்ட் 1 அன்று, ஒரு பேரரசு வீழும் கதை எழுதப் போகிறேன் என்றார். சிறுகதையாக வேண்டாம், முடிவில்லாத வரிசையாகப் போடு என்றார் கேம்பெல். அப்படி வந்ததுதான் ஃபவுண்டேஷன். தனிமனிதனைக் கணிக்க முடியாது, கோடானுகோடிப் பேரைக் கணக்குப் போட்டுக் கணிக்கலாம் என்ற கற்பனைச் சாத்திரம் அதில் வரும்.

அதைப் படித்துவிட்டு, அந்தச் சாத்திரம் இல்லாததால் அதற்கு மிக அருகில் இருந்த பொருளாதாரத்துக்குப் போனேன் என்று பலமுறை சொல்லியிருப்பவர் பால் க்ரூக்மன். 2008-இல் நோபல் பரிசு வாங்கியவர். அவரும் எகர்ட்சன் என்ற பொருளாதார அறிஞரும் 2012-இல் எழுதிய கட்டுரை எதைப் பற்றி? கடன், விலைவீழ்ச்சி, எல்லோரும் ஒரே நேரத்தில் கடனடைக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பது பற்றி. தலைப்பிலேயே ஃபிஷரின் பெயர்.

ஒரே ஆண்டில் ஒருவர் திவாலாகிப் பத்திரிகை மாற்றினார், ஒருவர் பங்கில் அழிந்து கட்டுரை எழுதினார். எண்பத்து மூன்று ஆண்டு கழித்து இரண்டும் ஒரே மேசையில். இதற்குப் பெயர் விதி என்று யாராவது பின்னூட்டம் போட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

14 ஜனவரி, பின்னிரவு

போட்டுவிட்டார்கள்.

17 ஜனவரி

கேம்பெலைப் பற்றி ஒரு வரியில் கடந்துவிட்டேன், நியாயமில்லை. 1937-இல் ஆசிரியராகி 1971-இல் சாகும்வரை அதே நாற்காலி. பத்திரிகையின் முதலாளி அல்ல, சம்பளக்காரர். ஆனால் எழுத்தாளருக்குச் சொல்லுக்கு ஒரு சென்ட் வீதம், கதையை ஏற்றவுடன் பணம். ஹெய்ன்லைன், ஸ்டர்ஜன், வான் வோக்ட் எல்லாம் அவர் கையில் வளர்ந்தவர்கள். ரோபோக்களின் மூன்று விதிகளைத் தெளிவாக வகுத்துச் சொன்னவர் கேம்பெல்தான் என்பார் அசிமோவ். உன் கதைகளில் இருந்ததைத்தான் எடுத்துச் சொன்னேன் என்பார் கேம்பெல்.

1944 மார்ச் இதழில் யுரேனியம் 235 வைத்த குண்டு பற்றி ஒரு கதை. எழுதியவர் கார்ட்மில், விவரம் கொடுத்தவர் கேம்பெல். உளவுத்துறை ஆள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். எல்லாம் போருக்கு முன் அச்சில் வந்த செய்திகள்தான் என்று கேம்பெல் காட்டி அனுப்பினார்.

இப்படிப்பட்ட ஆள் 1950 மே இதழில் ஹப்பர்டின் டயனெடிக்ஸ் என்ற மனசிகிச்சை முறையைப் போட்டு, மனநோய்க்கும் சைனஸுக்கும் மருந்து கிடைத்துவிட்டது என்று நம்பினார். 1960-இல் டீன் எஞ்சின்: எதையும் பின்னால் தள்ளாமலேயே முன்னால் போகும் கருவி, குளியலறைத் தராசில் வைத்து எடை குறைவதைக் காட்டலாம். நியூட்டனின் மூன்றாம் விதி தப்பு என்று இயற்பியல் படித்தவர் தலையங்கம் எழுதினார். இன ஒதுக்கலை ஆதரித்தும் எழுதினார். அவர் பெயரில் இருந்த புதிய எழுத்தாளர் விருதின் பெயரை 2019-இல் மாற்றினார்கள். சரிதான் என்பது என் எண்ணம். அவர் திருத்திய கதைகளைப் படிப்பதை அதற்காக நான் நிறுத்தவில்லை.

18 ஜனவரி

"உங்கள் ஃபிஷர் மட்டும் யோக்கியமா?" என்று கேட்டவருக்கு.

இல்லை. அமெரிக்க யூஜெனிக்ஸ் சங்கத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். தகுதியற்றவர்கள் பிள்ளை பெறக்கூடாது என்று பேசிய கூட்டம். மதுவிலக்கு, புகை, இறைச்சி என்று எதைப் பற்றியும் அவரிடம் தீர்ந்த முடிவு இருந்தது. 1898-இல் காசநோய் வந்து பிழைத்தவர். உடம்பை ஒழுங்கால் வெல்லலாம் என்ற நம்பிக்கை அப்போது பிடித்தது. அவர் மகள் மார்கரெட் மனநோயோடு ட்ரென்டன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பல்லிலும் குடலிலும் உள்ள கிருமிதான் பைத்தியத்துக்குக் காரணம் என்று நம்பிய ஹென்றி காட்டன் என்ற மருத்துவரின் சிகிச்சையில் 1919-இல் இறந்தார். அதற்குப் பிறகும் ஃபிஷருக்கு அந்தக் கோட்பாட்டில் நம்பிக்கை போகவில்லை.

இதை எழுதும்போது, 7-ஆம் தேதி நான் எழுதியதை வேறு மாதிரி பார்க்கத் தோன்றுகிறது. மகள் போனபோது மாறாதவர், பணம் போனபோது தம் கோட்பாட்டை மாற்றினார். குரூரமாகச் சொல்லவில்லை. விலையும் கடனும் அவர் தினமும் அளந்த விஷயம். குறியீட்டெண் எப்படிப் போட வேண்டும் என்று 1922-இல் தடித்த புத்தகமே எழுதியவர். அளக்கத் தெரிந்த இடத்தில் உலகம் அவரை மறுத்தபோது காதில் விழுந்தது. மருத்துவத்தில் அவரிடம் நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. கேம்பெலுக்கு எதிலும் அளவுகோல் இல்லை, வாதத்திறமை இருந்தது. யார் எதிர்த்தாலும் மேசையில் ஜெயித்துவிடுவார், அதனால் கடைசிவரை அப்படியே இருந்தார்.

18 ஜனவரி, பிறகு

கெர்ன்ஸ்பாக் எந்த வகை என்று கேட்கிறீர்கள். அவர் 1925-இல் தலையை முழுக்க மூடும் ஒரு கவசம் செய்தார். வெளிச் சத்தம் கேட்காது, கண்ணுக்கு நேரே ஒரு வரி மட்டும் தெரியும், மூச்சுக்கு ஆக்ஸிஜன் குழாய். அதை மாட்டிக்கொண்டு மேசையில் எழுதும் புகைப்படம் இருக்கிறது. நீங்களே முடிவு செய்யுங்கள்.

22 ஜனவரி

முதலில் கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் அந்த 1933 கட்டுரையை எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தார். இங்கேயே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் ஆகும். மொத்தம் சுமார் இருபது பக்கம்தான், பத்திகளுக்கு எண் போட்டிருக்கும். முதல் பகுதி சுழற்சிகள் பற்றிய பொதுப்பேச்சு, அவசரமென்றால் தள்ளலாம். கடனும் விலைவீழ்ச்சியும் சந்திக்கும் இடத்திலிருந்து பென்சிலோடு படியுங்கள். பெருக்கலை நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கடனை அதில் பொருத்திப் பார்க்காதீர்கள். இப்போது நமக்கு விலை ஏறுகிறது, இறங்கவில்லை. ஃபிஷருக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறோம், உங்கள் சம்பளமும் ஏறிக்கொண்டிருக்கும்வரை.